நாயொடு ஓடும் கலை

மாந்தனுக்குத் துணையாய் வாழும் விலங்குகளுள் நாயினும் பழமையான துணை பிறிதில்லை. ஆவும் ஆடும் குதிரையும் அவன் மனைப்புறத்தை அடைவதற்கு நெடுங்காலம் முன்னரே நாய் அவனது அடுப்பங்கரையில் இடம் பெற்றுவிட்டது. ஞமலி, ஞாளி, எகினம், சுணங்கன் எனப் பல பெயர்களால் அதனை நம் பழநூலார் வழங்கினர். எனினும், நாய் என்றவுடனே நம்மனோர் நினைவிற்கு வரும் தொழில்கள் இரண்டே. ஒன்று காவல்; மற்றொன்று வேட்டை. இவையன்றி மூன்றாவது தொழில் ஒன்றும் உண்டு. அஃதாவது, வாரினாற் பூட்டப்பட்டு மாந்தனுக்கு முன்னே நின்று அவனையோ அவன் ஏறிய வண்டியையோ ஈர்த்துக்கொண்டு ஓடுதலாம். வடதுருவத்தை அடுத்த நாடுகளில் உயிர் வாழ்க்கைக்கு இன்றியமையாததாய்த் தோன்றிய இத்தொழில், இக்காலத்தே ஒரு விளையாட்டாகவும் கலையாகவும் வளர்ந்துள்ளது. இதற்குரிய பயிற்சி யாது, இதற்கு வேண்டும் மனநிலை யாது என்பவற்றை ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பொருளை யாம் எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் ஒன்றுண்டு. சென்ற ஆண்டு வேனிற் காலத்தில், விடுதி மாணவர் சிலராகிய யாம் நெடுந்தொலை ஓட்டப் பந்தயத்திற்குப் பயிலும் பொருட்டு நாடோறும் காலையில் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தோம். சமையற்கூடத்து வாயிலில் வளர்ந்த செந்நிற நாயொன்று எம்முடன் ஓடத் தொடங்கிற்று. முதலில் வேடிக்கையாயிருந்த அதன் வரவு பின்னர் எமக்கு வழக்கமாயிற்று. ஒருநாள் புறப்படத் தாழ்த்தமையால், ஒன்பது மணி வெயிலில் ஓடினோம். ஆறாஞ் சுற்றில் நாயின் நடை தளர்ந்தது, ஏழாஞ் சுற்றில் அது பின்னிட்டது, ஆயினும் நிற்கவில்லை. யாமோ, 'வா, வா' எனக் கைதட்டி அழைத்தோம். அழைத்த போதெல்லாம் அஃது ஓடி வந்தது. எட்டாஞ் சுற்றின் முடிவிற் கால்கள் பின்னிப் புழுதியில் வீழ்ந்தது. அதனைக் கண்ட தோட்டக்காரர் விரைந்து வந்து, வேம்பின் நிழலிற் கிடத்தி, குடங்குடமாய் நீரை அதன் வயிற்றிலும் கால்களிலும் ஊற்றி, மேல்துண்டினால் விசிறினார். பின்பு எம்மை நோக்கி, "தம்பிகளா, உங்களுக்கு உடம்பெல்லாம் வேர்க்கிறது. இதற்கு வாய் ஒன்றுதானே வழி? நீங்கள் கூப்பிட்டால் இது வராமல் என்ன செய்யும்?" என்றார்.

நாய் பிழைத்துக்கொண்டது. அவ்வினாவோ எம்மை விட்டு நீங்கவில்லை. கூப்பிட்டால் வராமலிருக்க அறியாத ஓர் உயிரைக் கூப்பிடுவோன் எத்தகையவனாய் இருத்தல் வேண்டும்? நாயொடு ஓடுதலையே கலையாகப் பயின்றோர் இதற்கு என்ன விடை கண்டனர் எனத் தேடினோம். அத்தேட்டத்தின் பயனே பின்வருவது.

இக்கலையின் தொடக்கம் மிகப் பழமையானது. சைபீரியாவிற்கு வடக்கே உறைகடலின் நடுவிலுள்ள ஜோகோவ் என்னும் தீவில், ஏறக்குறைய 9,000 ஆண்டுகட்கு முன் வாழ்ந்த வேட்டுவரின் சறுக்குவண்டி உறுப்புக்களும் நாய்களின் எலும்புகளும் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அந்நாய்களுள் ஒன்றன் மரபணுக்களை ஆராய்ந்த அறிஞர், இற்றை நாள் வண்டியிழுக்கும் நாய்கள் அதற்கு நெருங்கிய உறவின என 2020ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மரமும் புல்லும் அருகிய அப்பனிவெளியில் எருதும் குதிரையும் வாழ்தல் அரிது. ஆதலின், ஊன் உண்டு, பனியில் உறங்கி, பனியிலே ஓடவல்ல நாயே அந்நாட்டார்க்கு எருதும் குதிரையும் ஆயிற்று. சுக்சி, இன்யூயிட் முதலிய மக்கள் தலைமுறை தலைமுறையாக இத்தகைய நாய்களைப் பேணி வளர்த்தனர். சைபீரியன் ஹஸ்கி என இன்று வழங்கும் இனம் சுக்சி மக்கள் வளர்த்த நாய்களின் வழிவந்ததாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அலாஸ்காவிற் பொன் கண்டறியப்பட்டதும், நோம் என்னும் கடற்கரையூர் திடீரெனப் பெருகிற்று. மாரியில் அவ்வூரார்க்கு அஞ்சலும் உணவும் நாய்வண்டிகளாலேயே வந்தன. யாருடைய நாய்கள் சிறந்தன என்னும் வழக்கு எழ, 1908ஆம் ஆண்டில் நோமிலிருந்து கேண்டில் என்னும் ஊர்வரை சென்று மீளும் 408 மைல் பந்தயம் ஒன்று நிறுவப்பட்டது. நார்வே நாட்டிற் பிறந்து அலாஸ்காவிற் குடியேறிய லியன்ஹார்ட் செப்பாலா என்பார் 1915, 1916, 1917 ஆகிய மூன்றாண்டுகளிலும் அதில் வெற்றி பெற்றார். 1932ஆம் ஆண்டில் லேக் பிளாசிட் நகரில் நிகழ்ந்த குளிர்கால ஒலிம்பிக்கில் நாய்வண்டி ஓட்டம் காட்சி விளையாட்டாக நடைபெற்றபோது, கனடாவினரான எமில் செயிண்ட் கொடார் முதலிடமும் செப்பாலா இரண்டாமிடமும் பெற்றனர்.

ஆயினும், இவ்வோட்டத்தின் பெருமையை உலகறியச் செய்தது பந்தயமன்று, ஒரு நோய். 1925ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் நோம் நகரிற் குழந்தைகளின் தொண்டையை அடைத்துக் கொல்லும் டிப்தீரியா பரவலாயிற்று. ஊரிலிருந்த ஒரே மருத்துவர் கர்ட்டிஸ் வெல்ச் என்பவரிடம் நல்ல மருந்து இல்லை. கடல் உறைந்து கிடந்தது. ஆகாய விமானங்கள் அக்குளிரிற் பறத்தற்கு ஏற்றனவல்ல. எனவே, நெனானா என்னும் புகைவண்டி நிலையத்திலிருந்து 674 மைல் தொலைவை நாய்வண்டிகளாற் கடப்பது எனத் துணிந்தனர். இருபது பாகர்களும் ஏறக்குறைய 150 நாய்களும் ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கி, ஐந்தரை நாளில் அம்மருந்தைக் கொண்டு சேர்த்தனர். குளிர் பாரன்ஹீட் அளவையிற் சுழிக்குக் கீழ் 50 பாகைவரை இறங்கியிருந்தது. செப்பாலாவும் அவர்தம் தலைநாயாகிய டோகோவும் மருந்தைப் பெறுதற்கே நெடுவழி ஓடிச் சென்று, பெற்றபின் 91 மைல் சுமந்து வந்தனர். டோகோவிற்கு அப்பொழுது வயது பன்னிரண்டு. கடைசிப் பகுதியைக் குன்னர் காசன் என்பாரும் பால்டோ என்னும் நாயும் ஓடி, பிப்ரவரி 2ஆம் நாள் வைகறையில் நோமை அடைந்தனர். வழியிற் சூறைக்காற்று வண்டியைக் கவிழ்த்தெறிய, மருந்துப்பேழை பனியிற் புதைந்தது. காசன் வெறுங்கையாற் பனியைத் துழாவி அதனை மீட்டனர் என்ப.

அவ்வோட்டத்திற் புகழ் பெறாத ஒரு செய்தியே எம் கட்டுரைக்கு மிகவும் வேண்டுவது. சார்லி எவான்ஸ் என்னும் இளைஞர், தம் தலைநாய்கள் இரண்டின் தொடையிடுக்கை முயல்தோலாற் போர்த்துவதற்கு மறந்து புறப்பட்டுவிட்டனர். அந்நாய்களோ குறுமயிருடையன. வழியிற் குளிர் கடித்து அவை வீழ்ந்தன. எவான்ஸ் அவற்றை வண்டியில் ஏற்றி, அவை பூட்டப்பட்டிருந்த இடத்தில் தாமே நின்று இழுத்து வந்தனர் எனக் கூறுவர். நாய்கள் இரண்டும் பிழைக்கவில்லை. அவை நிற்காமல் ஓடின. போர்த்த வேண்டியது பாகன் கடமை. நாயோட்டத்தின் முதற்பாடம் இதுவேயாம்.

இனி, இக்காலத்து வழங்கும் வகைகளைக் காண்போம். நெடும்பந்தயங்களுட் புகழ் வாய்ந்தது ஐடிடராட் என்பது. ஜோ ரெடிங்டன் என்பாரின் முயற்சியால் 1973ஆம் ஆண்டில் ஆங்கரேஜ் நகரிலிருந்து நோம் வரை ஏறக்குறைய ஆயிரம் மைல் ஓட்டமாக இது தொடங்கிற்று. முதலாண்டில் வென்றவர் இருபது நாட்களுக்குமேல் ஓடினார். இப்பொழுதோ வெல்வோர் ஒன்பது, பத்து நாட்களுக்குள்ளாகவே முடித்துவிடுதல் பெரும்பான்மை. பனியில்லாத நாடுகளில் இக்கலை வேறு உருவங்கள் எடுத்தது. மாந்தன் தன் இடையிற் கச்சையணிந்து, அதனோடு பிணைத்த கயிற்றால் ஒரு நாயை முன்னே ஓடவிட்டுத் தானும் காலால் ஓடுவது கானிகிராஸ் எனப்படும். மிதிவண்டியின் முன் நாயைப் பூட்டுவது பைக்ஜோரிங். பனிச்சறுக்குக் கட்டைகளில் நின்றவனை நாய் ஈர்ப்பது ஸ்கீஜோரிங். இவற்றுள் எளியதும் செலவு குறைந்ததும் கானிகிராஸே. வண்டி நாய்களைப் பனியில்லாத பருவத்திற் பயிற்றும் வழியாய்த் தொடங்கி, ஐரோப்பிய நாடுகளிலே தனி விளையாட்டாய்ப் பரவிய இதனையே யாம் சிறப்பாக எடுத்து விளக்குகின்றோம்.

கருவிகள் மூன்றே. முதலாவது நாயின் தோள்வார். கழுத்துப் பட்டையிற் கயிற்றைக் கட்டி இழுக்க விடுதல் பெருந்தவறு. கழுத்து நெரியும், மூச்சு தடைப்படும். தோள்வாரோ மார்பெலும்பின்மேற் படிந்து, இழுப்பின் பாரத்தை மார்பிலும் முதுகிலும் பரப்பி, தோள் மூட்டுக்களைத் தடையின்றி அசைய விடும். இரண்டாவது, ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளமுள்ள கயிறு. அதன் ஒருபகுதி நீண்டு சுருங்கும் தன்மையதாய் இருத்தலின், நாய் திடீரெனப் பாயினும் அவ்வதிர்ச்சி நாயின் முதுகையும் மாந்தன் இடுப்பையும் தாக்காது. மூன்றாவது, ஓடுவோன் கச்சை. அது வயிற்றின்மேல் ஏறாமல் இடுப்பெலும்பின்கீழ்த் தாழ்ந்திருத்தல் வேண்டும். கைகள் இரண்டும் வெறுமையாய் இருப்பதே இதன் பயன். இக்கருவிகளுள் யாதும் விலையால் உயர்ந்ததாதல் வேண்டா. அளவாற் பொருந்தியதாதல் வேண்டும். பொருந்தாத வார் ஒரு மைலில் மயிரைத் தேய்க்கும். பத்து மைலில் தோலை உரிக்கும்.

அடுத்து, நாயின் உடலைப்பற்றி அறிதல் வேண்டும். உழைக்கும் தசை செலவிடும் ஆற்றலில் நான்கிலொரு பங்கே அசைவாக மாறுகிறது, எஞ்சியது வெப்பமாகும். நமக்கு உடல் முழுவதும் வியர்வை நாளங்கள் உள்ளன. நாய்க்கோ உள்ளங்காலன்றி வேறிடத்து வியர்வை பயன்படுவதில்லை. நாவை நீட்டி இளைத்தலொன்றே அதற்குப் பெருவழி. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அவ்வழியும் பாதி அடைபடும். ஆதலால், வெயில் குறைவாயிருப்பினும் புழுக்கம் மிகுந்த காலை ஓடுதற்கு உரியதன்று. மாந்தனுக்கு இதமான பொழுது நாய்க்கு ஏற்கெனவே வெப்பமான பொழுதாகும். ஐரோப்பாவில் வெப்பம் ஏறிய நாட்களில் பந்தயத் தொலைவைக் குறைப்பதும், பந்தயத்தையே நிறுத்திவிடுவதும் வழக்கம்.

வெப்பம் மிஞ்சியதற்கு அறிகுறிகள் உள. நா அகன்று நீண்டு தொங்கும், ஈறுகள் கருஞ்சிவப்பாகும், எச்சில் தடிக்கும், பின்னங்கால்கள் தள்ளாடும். இவை அனைத்திற்கும் முன்னதாகத் தோன்றுவது கயிற்றின் தளர்ச்சி. இடையறாது இழுத்து வந்த நாயின் கயிறு காரணமின்றித் தொய்ந்தால், உடனே நிற்றல் வேண்டும். நிழலிற் கிடத்தி, உடலெங்கும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவரிடம் எடுத்துச் செல்லுதல் முறை. எம் தோட்டக்காரர் எந்நூலையும் பயிலாமல் இதனைச் செய்தார் என்பதை நினைந்து இன்றும் வியக்கின்றோம்.

உணவிலும் நாய் நம்மினும் வேறுபட்டது. நெடுந்தொலை ஓடும் வண்டிநாய் கொழுப்பையே பெரும்பான்மை விறகாகக் கொண்டு எரிக்கின்றது. ஐடிடராட் ஓட்டத்தில் ஒரு நாய் நாளொன்றுக்குப் பதினாயிரம் கலோரி அளவு உண்ணும். அஃதோ நம்மிற் பாதிக்கும் குறைந்த எடையுடையது. ஓட்டத்திற்குச் சற்று முன்னர் வயிறு நிறைய உணவிடல் ஆகாது. நிறைந்த இரைப்பை திருகிக்கொண்டால் நாய் சில மணி நேரத்தில் இறக்கும். புறப்படுவதற்குப் பல மணி முன்னரே உணவை முடித்து, இறைச்சிச் சாறு கலந்த நீரைக் கொடுப்பர். வெறுநீரை வேண்டாத நாயும் அதனை விரும்பிக் குடிக்கும். பாதங்களையோ நாடோறும் விரலிடுக்குவரை பார்த்தல் வேண்டும். பனிப்பந்தயத்திற் பாதங்களுக்குத் துணியுறை அணிவிப்பர். ஒரு நெடும்பந்தயத்தில் ஒரு பாகனுக்கு அவ்வுறைகள் ஆயிரத்திற்குமேல் வேண்டப்படும். அத்தனையும் அவனே குனிந்து, உறைந்த விரல்களாற் கட்டி அவிழ்த்தல் வேண்டும்.

இனி, பயிற்சி முறையைச் சொல்லுவாம். எலும்பு முற்றாத குட்டியை இழுக்க விடலாகாது. 12 திங்கள் நிரம்பாத நாயைக் கானிகிராஸ் பந்தயத்தில் ஏற்பதில்லை. மிதிவண்டி முதலியவற்றிற்கு இன்னும் கூடுதலான வயதையே வேண்டுவர். ஆயினும் அப்பருவம் வீணே கழிவதன்று. தோள்வாரை அணிந்து பழகுதல், பெயர் சொன்னாற் செவிசாய்த்தல், பிற நாய்களைக் கண்டு வெகுளாதிருத்தல், கட்டளைச் சொற்களை நடைபயில்கையிலே அறிதல் ஆகிய அனைத்தும் குட்டிப்பருவத்திற்கு உரியன.

கட்டளைச் சொற்கள் சிலவே. அலாஸ்காவில் 'ஜீ' என்றால் வலப்புறம், 'ஹா' என்றால் இடப்புறம், 'ஹைக்' என்றாற் புறப்படு, 'வோ' என்றால் நில், 'ஆன் பை' என்றால் எதனையும் பாராது கடந்து செல் என்பது பொருள். எம்மொழிச் சொல்லாயினும் இழுக்கில்லை. குறுகியதாயும் ஒன்றற்கொன்று ஒலியில் வேறுபட்டதாயும் இருத்தலே வேண்டுவது. நம் உழவர் எருதுகளை வலமும் இடமும் திருப்பும் ஒலிகளை நோக்கின் இவ்வுண்மை விளங்கும். திருப்பம் வருவதற்குச் சற்று முன்னரே சொல்லைச் சொல்லி, திரும்பியவுடனே பாராட்டுதல் முறை. திரும்பியபின் சொல்லும் சொல்லால் நாய் ஒன்றும் கற்காது. இவை யாவற்றினும் அரியது 'ஆன் பை' என்பதே. அணிலும் ஆடும் பிற நாயும் எதிர்ப்படும்போது அவற்றைக் கடந்து போதல் நாயின் இயல்பிற்கு மாறானது. எனவே தொலைவிலிருந்து தொடங்கி, நாட்பட நாட்பட அணுகிப் பழக்குவர்.

எலும்பு முற்றியபின், முதல்நாள் ஓட்டம் நூறு அடி தொலைவே அமையும். நாய் இன்னும் ஓடுவேன் எனத் துள்ளும்பொழுதே நிறுத்திவிடல் வேண்டும். களைத்தபின் நிறுத்தப்பட்ட நாய் ஓட்டத்தைக் களைப்போடு சேர்த்து நினைவிற்கொள்ளும்; ஆவலோடு நிறுத்தப்பட்ட நாய் மறுநாள் வாரைக் கண்டவுடனே எழுந்து நிற்கும். நூறடி ஒரு பர்லாங்காகி, பர்லாங்கு மைலாவதற்குத் திங்கள் பல செல்லும். ஓடும் நாட்களுக்கிடையே ஓய்வு நாட்களும் இருத்தல் வேண்டும். தசை வளர்வது ஓய்விலேயாம். வண்டிநாய்களைக் கோடையில் ஓய்வளித்து, இலையுதிர் காலத்துக் குளிர்ந்த விடியலில் சக்கரவண்டியிற் பூட்டிச் சிறு தொலைவுகளால் மீண்டும் தொடங்குவர்.

நம் நாட்டு உழவர் பழகிய எருதொடு புதுக்கன்றைப் பூட்டி ஏருக்குப் பழக்குதல் போல, அலாஸ்காவிலும் முதிர்ந்த நாயின் பக்கத்தில் இளநாயைப் பூட்டுவர். வண்டிவரிசையில் முன்னிற்பன தலைநாய்கள். அவற்றை அடுத்தன திருப்பத்திற்குத் துணைபுரிவன. நடுவின வேகத்தைக் காப்பன. வண்டியை ஒட்டி நிற்பன பாரத்தைத் தாங்கும் வலிமையுடையன. எந்நாய் எவ்விடத்திற்கு உரியது என அறிதலே பாகன் கல்வியிற் பாதி. வலிமையுள்ளதெல்லாம் தலைநாய் ஆகாது. தலைநாய்க்கு வேண்டுவது கட்டளையைக் கேட்டலும், வேண்டுமிடத்துக் கேளாதிருத்தலுமாம். பனிக்கட்டியின் கீழ் நீர் ஓடுதலைக் காலால் உணர்ந்து, 'செல்' என்ற சொல்லையும் மீறி நிற்கும் தலைநாயே பாகன் உயிரைக் காப்பது. அதனை அடித்துப் பணியவைத்தவன் அவ்வறிவையும் அடித்து ஒழித்தவன் ஆவான்.

மாந்தனுக்கும் பயிற்சி வேண்டும். இவ்விருவருள் மெல்ல ஓடுவோன் அவனே என்பதை மறத்தலாகாது. முன்னின்று ஈர்க்கும் ஆற்றலால் அவன் அடிகள் இயல்பினும் நீளும். பழகாத முழங்காலும் கணைக்காலும் நோவெடுக்கும். இறக்கத்தில் நாயின் வேகத்தைத் தாங்குதற்கு உடலைச் சற்றே பின்சாய்த்து, குறுகிய அடிகளாற் கால்மாற்றிப் பழகுதல் வேண்டும். நாயில்லாமலே ஐந்து மைல் ஓட இயலாதவன், நாயின் வலிமையைக் கொண்டு ஓடலாம் என்று எண்ணுதல் தன் சோம்பலை அதன் முதுகில் ஏற்றுவதாகும்.

இனி, மனநிலையைப்பற்றி ஆராய்வோம். முதலாவது, ஓட்ட விருப்பம் நாயிடத்து இயல்பாய் உள்ளது. அதனை நாம் உண்டாக்குவதில்லை. கெடாமற் காப்பதே நம் தொழில். புறப்படுமிடத்தில் நாய்கள் குரைத்துத் துள்ளிப் பனியைத் தோண்டுதலைக் கண்டோர், அவற்றை யாரும் ஓட்டவில்லை, நிறுத்தவே முயல்கின்றனர் என உணர்வர். புறப்பட்டவுடன் அவ்வாரவாரம் அடங்கி, மூச்சொலியும் வண்டியொலியுமே கேட்கும்.

இரண்டாவது, கயிறு பேசும். கச்சையிற் பிணைந்த கயிற்றின் வழியே ஓடுவோனுடைய அச்சமும் சினமும் நாயை அடைகின்றன. பந்தயக் கோட்டருகே நெஞ்சு படபடக்க நிற்பவனுடைய நாய், காரணம் அறியாமலே தானும் கலங்கும். நாய்க்குப் பந்தயம் என்பது தெரியாது, பரிசும் தெரியாது, கடிகாரமும் தெரியாது. அஃது அறிந்தது தன் மாந்தனின் குரல் ஒன்றே. தோற்றபின் அக்குரல் மாறுமாயின், ஓடியதற்காகவே தான் தண்டிக்கப்பட்டதாக அது கொள்ளும். ஆதலின், முடிவு எதுவாயினும் நாய்க்கு ஒரே வகையான பாராட்டைச் செய்தல் இக்கலையில் உறுதியான நெறியாகும்.

மூன்றாவது, குற்றத்தைத் தன்னிடம் தேடுதல். நாய் வழி தவறினால், சொல் தாழ்த்துச் சொல்லப்பட்டது. நாய் நொண்டினால், காலையிற் பாதம் பார்க்கப்படவில்லை. நாய் களைத்தால், தொலைவு தவறாக அளக்கப்பட்டது. நாயின் குற்றமே இல்லையோ எனின், அருகி உண்டு. ஆனால் அங்கிருந்து தேடத் தொடங்குவோன் ஒருகாலும் தேர்ச்சி பெறுவதில்லை.

நான்காவது, விட்டுவிடும் துணிவு. 1985ஆம் ஆண்டு ஐடிடராட் ஓட்டத்தில் முன்னணியில் ஓடிய சூசன் புச்சர் என்னும் அம்மையாரின் நாய்களைக் காட்டுவழியில் மூஸ் என்னும் பெருமான் ஒன்று தாக்கிற்று. இரண்டு நாய்கள் இறந்தன, பல புண்பட்டன. அம்மையார் ஓட்டத்தினின்றும் விலகினார். அவ்வாண்டில் லிபி ரிடில்ஸ் என்பார் வென்று, அப்பந்தயத்தை வென்ற முதற் பெண்மணி என்னும் பெயரைப் பெற்றார். பல்லாண்டு உழைத்த பேறு பிறர்க்குப் போதலைக் கண்டும், புச்சர் அம்மையார் மறு ஆண்டு மீண்டு வந்தார். 1986, 1987, 1988, 1990 ஆகிய நான்கு ஆண்டுகளில் வெற்றி அவருடையதாயிற்று. தம் நாய்களைக் குட்டிப்பருவம் முதல் தாமே வளர்த்துப் பழகியவர் அவர் என்பர். விலக அறிந்தோரை நாய்கள் நம்புகின்றன. அந்நம்பிக்கையே மறு ஆண்டின் வலிமையாகின்றது.

இவ்விடத்து ஒரு தடை எழும். கூப்பிட்டால் வராமலிருக்க அறியாத உயிரை ஆயிரம் மைல் ஓடவிடுதல் அறமோ என்பது அது. ஐடிடராட் முதலிய பந்தயங்களில் நாய்கள் இறந்ததுண்டு. அது பற்றி அப்பந்தயங்களையே ஒழித்தல் வேண்டும் என வற்புறுத்துவோரும் அந்நாட்டிலே உளர். அவர் கூற்றை எளிதிற் புறந்தள்ளுதல் நேர்மையன்று. நாயைக் கருவியாக மட்டும் கொண்ட காலமும் இருந்தது. 1911ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் தென்துருவத்தை முதன்முதல் அடைந்த ஆமுண்ட்சன் 52 நாய்களோடு புறப்பட்டு 11 நாய்களோடு மீண்டார். ஏனையவற்றுட் பெரும்பாலன, முன்னரே வகுத்த திட்டப்படி வழியிற் கொல்லப்பட்டு உணவாயின. வெற்றி பெற்ற செலவு என அதனைப் போற்றுவோர் அக்கணக்கையும் உடன் எண்ணுதல் வேண்டும். புகழ் பெற்ற நாயும் இடர்க்குத் தப்பவில்லை. நியூயார்க் பூங்காவிற் சிலை பெற்ற பால்டோ, ஈராண்டு கழியுமுன்னரே கைம்மாறி, காசுக்குக் காட்டும் பொருளாய் நலிந்து கிடந்தது. 1927ஆம் ஆண்டில் கிளீவ்லாந்து நகரத்தார், பள்ளிச் சிறுவரின் காசுகளையும் சேர்த்துத் திரட்டி, அதனையும் அதன் தோழர்களையும் மீட்டுக் காத்தனர்.

இத்தடைக்கு இக்கலையார் கண்ட விடை விதிகளில் உள்ளது. நெடும்பந்தயங்களில் வழிநெடுக மருத்துவர் நாய்களைச் சோதிக்கின்றனர். 24 மணி நேர ஓய்வொன்றும் 8 மணி நேர ஓய்வு இரண்டும் கட்டாயமாம். களைத்த நாயை வழியில் ஒப்படைத்துவிடலாம், புதுநாயைச் சேர்த்தல் கூடாது. ஆகவே, தன் நாய்களைத் தேய்த்தவன் தன் வெற்றியையே தேய்த்தவன் ஆகின்றான். கானிகிராஸ் விதியோ இன்னும் எளியது. நாய் மாந்தனை இழுக்கலாம். மாந்தன் நாயை இழுத்தலாகாது. தளர்ந்த நாயை இழுத்துக்கொண்டு எல்லைக்கோட்டைக் கடந்தவனை நீக்கிவிடுவர். விதிகள் எல்லாத் தீமையையும் ஒழித்துவிட்டன என்று யாம் கூறோம். ஆயினும், 'வா' என்னும் சொல்லுக்குரிய கட்டுப்பாடு சொல்வோனிடத்தே இருத்தல் வேண்டும் என்பதை இவ்விதி தெளிவாய் உணர்த்துகின்றது.

செந்நிற நாய் இன்றும் சமையற்கூடத்து வாயிலிலே உள்ளது. யாம் இப்பொழுது கதிர் எழுமுன் ஐந்தரை மணிக்கே ஓடுகின்றோம். வேம்பின் அடியிற் சட்டி நிறைய நீர் வைத்துப் புறப்படுவது விடுதி மாணவர் முறையாயிற்று. நாய் தானே எழுந்து வந்தால் உடன் ஓடும். சிலநாள் இரண்டு சுற்று, சிலநாள் மூன்று. நின்றுவிட்டால் ஒருவரும் அழைப்பதில்லை. அது சட்டியருகே சென்று படுத்துக்கொண்டு, எம் ஓட்டம் முடியுமளவும் எம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். தோட்டக்காரரும் பார்த்துக்கொண்டிருப்பார்.